‘மேனேஜ்மென்ட் சரியில்லை’ என்கிறோமே, அது என்ன?

அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால் போதும், “மேனேஜ்மென்ட் சரியில்லப்பா” என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். எந்த மேனேஜ்மென்ட், அதில் யார் யார், செய்ய வேண்டிய எந்த வேலையை அவர்கள் செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். கோல்கீப்பர் ஒரு கோலை விட்டால் டிவியில் நான்கு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் தவறான கையெழுத்து விழுந்தால் அதை யாரும் ஸ்லோ மோஷனில் காட்டுவதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு எப்போதும் வசவாகவே முடிகிறது.

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லை எடுத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்ப்போம். மொத்தம் 32 அணிகள். சீசன் முடிவில் 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும், அதில் ஒன்று ஸ்டான்லி கோப்பையைத் தூக்கும். இதற்கு மேல் ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். நாம் பார்க்கப்போவது பனித்தளத்தை அல்ல, மாடி அறையை.

வீட்டுக்காரர், இஞ்சினியர், கொத்தனார்

ஒருவர் வீடு கட்டுகிறார். பணம் போடுபவர் வீட்டுக்காரர். வரைபடம் போட்டு, என்ன சாமான் எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிப்பவர் இஞ்சினியர். வந்த செங்கல்லை வைத்துச் சுவரை எழுப்புபவர் கொத்தனார். ஒரு நாள் இஞ்சினியர் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் கொத்தனாரிடம் போய், “இந்த ஜன்னலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வையுங்க” என்கிறார். கூலி தருபவரே சொல்லும்போது கொத்தனார் என்ன செய்வார்? தள்ளி வைக்கிறார். ஆறு மாதத்தில் சுவர் விரிசல் விடுகிறது. இஞ்சினியர் கொத்தனாரைக் கைகாட்டுகிறார், கொத்தனார் வீட்டுக்காரரை. வீட்டுக்காரர் இஞ்சினியரை மாற்றிவிடுகிறார். விரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஹாக்கி அணியிலும் இதே மூன்று பேர்தான். பணம் போடுபவர் உரிமையாளர். எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எத்தனை வருடம் என்ன சம்பளம் என்று முடிவெடுப்பவர் ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜிஎம். கையில் கொடுத்த வீரர்களை வைத்து ஆட்டத்தை நடத்துபவர் பயிற்சியாளர். சில அணிகளில் ஜிஎம்முக்கு மேலே ஒரு தலைவர் இருப்பார். ஜிஎம்முக்குக் கீழே, ஊர் ஊராகப் போய்ப் பதினேழு வயதுப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஸ்கௌட்டுகள், ஒப்பந்தக் கணக்கு பார்ப்பவர்கள், மருத்துவக் குழு என்று பெரிய கூட்டமே உண்டு. பயிற்சியாளரைத் தவிர்த்த இந்த மாடிக் கூட்டம் முழுவதற்கும் பெயர் ஃபிரண்ட் ஆபீஸ். பெயரில்தான் ‘ஃபிரண்ட்’, ரசிகர் கண்ணில் படவே படாது.

ஆக, நாம் மேனேஜ்மென்ட் என்று ஒரே சொல்லில் திட்டுவது குறைந்தது மூன்று நாற்காலிகளை. எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் அலுவலகம் ஓடும்.

எல்லோருக்கும் ஒரே அளவு பானை

பணக்கார உரிமையாளர் இருந்தால் நல்ல வீரர்களை அள்ளிக்கொள்ளலாமே, இதில் நிர்வாகத் திறமைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 2004 வரை அதில் பாதி உண்மை இருந்தது. அந்த ஆண்டு சம்பளச் சண்டையில் லீக்கையே பூட்டினார்கள், 2004-05 சீசன் முழுவதும் நடக்கவில்லை. கதவு திறந்தபோது புது விதி ஒன்று வந்திருந்தது: சம்பள உச்சவரம்பு. ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. 2005-06இல் அது 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி டாலர்.

அதாவது 32 வீட்டுக்கும் ஒரே அளவு பானை. உள்ளே எதைப் போடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். கல்லைப் போட்டுவிட்டால் அந்தக் கல் இருக்கும்வரை அந்த இடத்தில் அரிசி போட முடியாது. ஆகாத வீரருக்குப் பெரிய சம்பளம் எழுதிக் கொடுத்தால் போனது பணம் மட்டுமல்ல, இடமும்தான்.

கல்லை எடுத்து வெளியே எறிய ஒரு வழி உண்டு. அதன் பெயர் பைஅவுட்: பாக்கிச் சம்பளத்தில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து, அதை மீதமுள்ள ஆண்டுகளைப் போல் இரண்டு மடங்கு காலத்துக்குப் பரப்பி, வீரரை அனுப்பிவிடுவது. ஆள் போய்விடுவார். பானையில் அவர் நிழல் மட்டும் இருக்கும். மினசோட்டா வைல்ட் அணி 2012 ஜூலை 4 அன்று ஜாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவருக்கும் ஆளுக்கு 13 ஆண்டு, 9.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2021இல் இருவரையும் பைஅவுட் செய்தது. 2023-24இலும் 2024-25இலும் அணியில் இல்லாத இந்த இரண்டு பேருக்காக ஆண்டுக்குச் சுமார் 1.47 கோடி டாலர் இடம் அடைபட்டுக் கிடந்தது. முதலாவது ஆண்டில் அது மொத்தப் பானையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். கையெழுத்திட்ட ஜிஎம் வேறு, பைஅவுட் செய்த ஜிஎம் வேறு. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

தவறான முடிவு வேறு, பழுதான நிர்வாகம் வேறு

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 2016 ஜூன் 29 அன்று எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி டெய்லர் ஹால் என்ற முன்னணி வீரரை நியூ ஜெர்சி டெவில்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆடம் லார்சன் என்ற தடுப்பு வீரரை வாங்கியது. ஒன்றுக்கு ஒன்று. இரண்டு ஆண்டில் ஹால் லீக்கின் மிக மதிப்பு வாய்ந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கினார். ரசிகர்கள் இன்றுவரை பொருமுகிறார்கள்.

இது மோசமான பேரம், எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இது மட்டுமே நிர்வாகப் பழுது ஆகிவிடாது. அணிக்குத் தடுப்பு வீரர் தேவைப்பட்டார், ஜிஎம் தேடினார், அதிக விலை கொடுத்தார். யார் எடுத்த முடிவு, எதற்காக எடுத்தார் என்பது தெரிகிறது. சந்தையில் ஏமாந்துவிட்டு வருவதும், வீட்டில் யார் சந்தைக்குப் போவது என்றே தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல.

பழுது எங்கே தெரிகிறது என்றால், அதே எட்மண்டனின் முந்தைய பத்து ஆண்டுகளில். 2006-07 முதல் 2015-16 வரை தொடர்ந்து 10 சீசன் அந்த அணி பிளேஆஃபுக்கே போகவில்லை. டிராஃப்ட் என்று ஒன்று உண்டு: ஒவ்வோர் ஆண்டும் இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிகளுக்கு முன்வரிசை, யாருக்கு முதல் இடம் என்பதில் குலுக்கலும் உண்டு. 2010, 2011, 2012, 2015 என்று ஆறே ஆண்டில் நான்கு முறை எட்மண்டனுக்கு முதல் தேர்வு கிடைத்தது. அவ்வளவு விதை கிடைத்தும் வயல் காய்ந்தது. ஏன்? ஜிஎம்கள் மாறினார்கள், பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாறினார்கள், பதினெட்டு வயதுப் பையன்களைத் தாங்கிப் பிடிக்க அனுபவசாலிகளை யாரும் கொண்டுவரவில்லை. ஒருவர் தொடங்கிய வேலையை அடுத்தவர் முடிக்கவே இல்லை.

சுருக்கமாக, ஒரு முடிவின் விளைவு மோசமாக இருந்தால் அது தவறு. முடிவு எடுக்கும் விதமே மோசமாக இருந்தால் அது பழுது. தவறு எல்லா அணியும் செய்யும், கோப்பை வென்ற அணியும் செய்யும்.

மாமரம் நடுபவரும் மாம்பழம் தின்பவரும்

பழுது எப்படி உண்டாகிறது? என் கணிப்பில் மூளைக் குறைவால் அல்ல, காலக் கணக்கு பொருந்தாததால்.

டிராஃப்டில் எடுக்கும் பையனுக்கு 18 வயது. முழு ஆட்டக்காரனாகத் தேற நான்கைந்து ஆண்டு ஆகும். வீரர் ஒப்பந்தம், 2013இல் வரம்பு வைத்த பிறகும், எட்டு ஆண்டு வரை நீள முடிந்தது. ஜிஎம்மின் வேலையோ இரண்டு மோசமான சீசனில் ஆட்டம் காண ஆரம்பித்துவிடும். பயிற்சியாளருக்கு அதுவும் இல்லை, ஒரு மோசமான நவம்பர் மாதம் போதும். உரிமையாளர் ஒருவர்தான் நிரந்தரம், அவருக்கு ஹாக்கி பெரும்பாலும் முழுநேர வேலை அல்ல.

இப்போது நாற்காலி ஆடும் ஜிஎம்மின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை நட்டால் பழத்தைத் தின்னப்போவது அடுத்த ஜிஎம். விதையை விற்று இன்றைக்கே ஒரு பழம் வாங்கினால், ஒருவேளை வேலை தப்பிக்கும். எட்டாவது வருடத்தில் சுமையாகப்போகும் ஒப்பந்தம் அவரை உறுத்தாது, அப்போது அவர் அங்கே இருக்க மாட்டார். அவர் கெட்டவர் இல்லை, முட்டாளும் இல்லை. அவருடைய நிலைக்கு அது புத்திசாலித்தனமான முடிவுதான். அணிக்குத்தான் நாசம்.

இதற்கு எட்மண்டனிலேயே துல்லியமான சாட்சி உண்டு. 2019 ஜனவரியில் மிக்கோ கோஸ்கினன் என்ற கோல்கீப்பருக்கு ஆண்டுக்கு 45 லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அந்தக் கோல்கீப்பர் அப்போதுதான் அந்த அணியில் அரை சீசன் ஆடியிருந்தார். ஒப்பந்தம் போட்ட ஓரிரு நாளில் ஜிஎம் பீட்டர் சியரெல்லியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜிஎம்மைக் கேள்வி கேட்கலாம்தான். ஆனால் என் கேள்வி மேலே இருப்பவர்களுக்கு: ஆளை அனுப்ப வேண்டியிருக்கும் என்று தெரிகிற நிலையில், பேனாவை ஏன் அவர் கையில் விட்டுவைத்தீர்கள்?

பஃபலோ: பதினான்கு சீசன்

பாடப்புத்தகத்தில் போட வேண்டிய உதாரணம் பஃபலோ சேபர்ஸ். 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஆஃப் இல்லை. என்ஹெச்எல் வரலாற்றில் இவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் இல்லை. 2011இல் பெகுலா தம்பதி அணியை வாங்கியபோது செலவுக்கு அஞ்சாத உரிமையாளர்கள் என்று ஊரே கொண்டாடியது. பணம் பிரச்சினை இல்லை என்பதற்காகவே இந்தக் கதை முக்கியம்.

2013க்கும் 2021க்கும் இடையில் பயிற்சியாளர் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தவர்கள்: லிண்டி ரஃப், ரான் ரோல்ஸ்டன், டெட் நோலன், டான் பைல்ஸ்மா, ஃபில் ஹவுஸ்லி, ரால்ஃப் குரூகர், டான் கிரனாட்டோ. ஜிஎம்களும் டார்சி ரெகியர், டிம் மர்ரே, ஜேசன் பாட்டரில், கெவின் ஆடம்ஸ் என்று மாறினார்கள். சமையல்காரர் மாறினால் மளிகைப் பட்டியலும் மாறும். முந்தையவருக்காக வாங்கிய சாமான் அடுத்தவருக்கு ஆகாது, பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். (2024இல் பயிற்சியாளராக யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? 2013இல் அனுப்பிய அதே லிண்டி ரஃப்பை.)

இந்த வரிசையில் இரண்டு விற்பனைகளை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்.

முதலாவது, ரயன் ஓரைலி. 2018 சீசன் முடிந்தபோது, தோற்றுத் தோற்று இந்த ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையே சில சமயம் போய்விட்டது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நல்ல அலுவலகம் அதைப் புகார்ப் பெட்டியில் விழுந்த கடிதமாக எடுத்துக்கொள்ளும். பஃபலோ அவரையே விற்றது. விற்ற தேதி 2018 ஜூலை 1. அவருக்கு 75 லட்சம் டாலர் போனஸ் கொடுக்க வேண்டிய நாளும் அதுவே. செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி அந்த போனஸையும் கொடுத்து ஆளையும் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு, 2019 ஜூனில், புளூஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிளேஆஃபின் சிறந்த வீரர் ஓரைலி.

இரண்டாவது, அணித் தலைவர் ஜாக் ஐக்கல். 2021 மார்ச்சில் கழுத்து வட்டில் காயம். செயற்கை வட்டு பொருத்தும் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் அவர். எந்த என்ஹெச்எல் வீரரும் அதுவரை செய்துகொள்ளாத சிகிச்சை அது, எலும்புகளை இணைக்கும் வழக்கமான முறைதான் சரி என்றது அணி. வீரர்களோடு லீக் செய்திருந்த உடன்படிக்கைப்படி கடைசி வார்த்தை அணியுடையது. மாதக்கணக்கில் இழுத்தது. செப்டம்பரில் அவருடைய தலைவர் பதவியைப் பறித்தார்கள், நவம்பரில் வேகஸ் கோல்டன் நைட்ஸுக்கு விற்றார்கள். வேகஸ் அவர் கேட்ட சிகிச்சைக்குச் சம்மதித்தது. 2023இல் வேகஸ் கோப்பை வென்றது, அந்த பிளேஆஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஐக்கல்.

மருத்துவத்தில் யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. அணியின் டாக்டர்கள் எச்சரிக்கையாக இருந்ததில் தவறு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அணியின் மிக விலையுயர்ந்த சொத்தின் கழுத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு எட்டு மாதம் பதில் முடிவாகாமல், அவ்வளவும் பத்திரிகைகள் வழியாகவே நடந்ததென்றால், அந்த மாடி அறையில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து பேசி முடிக்க யாரும் இல்லை என்றுதான் அர்த்தம்.

இதற்கு நடுவில் 2020இல் இன்னொன்று. ஜிஎம் பாட்டரில் தொடர்வார் என்று உரிமையாளர் தரப்பு மே மாதம் பகிரங்கமாகச் சொன்னது. ஜூன் மாதம் அவரையும், கூடவே 20க்கும் மேற்பட்ட ஸ்கௌட்டுகளையும் ஊழியர்களையும் ஒரே நாளில் அனுப்பியது. ஊர் ஊராகப் போய்க் குறிப்பெழுதியவர்கள் போனால் அந்தக் குறிப்புகளை வாசிக்கத் தெரிந்தவர்களும் போய்விடுகிறார்கள். அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

வான்கூவர்: வரிசை தலைகீழானால்

2021 டிசம்பரில் வான்கூவர் கனக்ஸ் அணி முந்தைய ஜிஎம்மையும் பயிற்சியாளரையும் ஒரே சமயத்தில் அனுப்பியது. உடனே உரிமையாளர் புரூஸ் பூட்ரோவைப் பயிற்சியாளராக்கினார். சில நாள் கழித்து ஜிம் ரதர்ஃபோர்ட் தலைவராக வந்தார். 2022 ஜனவரியில் பாட்ரிக் ஆல்வின் ஜிஎம் ஆனார். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், முதலில் கொத்தனார், பிறகு மேற்பார்வையாளர், கடைசியில் இஞ்சினியர். தான் தேர்ந்தெடுக்காத ஆளோடு வேலை பார்க்க வேண்டிய நிலை மேலே இருக்கும் இருவருக்கும். என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

2023 ஜனவரியில், வேறு பயிற்சியாளர்களோடு பேசிவிட்டதாக ரதர்ஃபோர்ட் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். பூட்ரோ அப்போதும் வேலையில் இருந்தார். அடுத்து யார் வரப்போகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜனவரி 21 இரவு எட்மண்டனுக்கு எதிரான ஆட்டம். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் அரங்கில் கூட்டம் முழுவதும் பயிற்சியாளரின் பெயரைப் பாட்டாகக் கூவுகிறது. பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் அறுபத்தெட்டு வயது மனிதர் கண்கலங்கியபடி ரசிகர்களைப் பார்த்துக் கைதட்டுகிறார். மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றம் பலித்தது. அவர் இடத்தில் வந்த ரிக் டாக்கெட் அடுத்த சீசனில் 50 வெற்றி கொடுத்து, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதையும் வாங்கினார். ஆகவே சரியான முடிவையும் பழுதான நிர்வாகம் எடுக்கலாம். ஆனால் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருபது வீரர்களும், தங்களுக்கு ஒரு நாள் இதே மரியாதைதான் கிடைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

ஒரு காகிதம், ஒரு டிராஃப்ட் இடம்

சில பழுது இவ்வளவு நாடகமாக இருக்காது, வெறும் காகித வேலை. நோ-டிரேட் பிரிவு என்பது, தன்னை இன்னின்ன அணிகளுக்கு விற்கக் கூடாது என்று வீரர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் உரிமை. யெவ்ஜெனி டடோனாஃபுக்கு அது இருந்தது. 2021இல் ஆட்டவா செனட்டர்ஸ் அவரை வேகஸுக்கு விற்றபோது அந்த விவரம் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2022 மார்ச்சில் வேகஸ் அவரை அனஹைமுக்கு அனுப்பப் பார்த்தது, அவர் பட்டியலிலோ அனஹைம் இருந்தது. லீக் அந்தப் பரிமாற்றத்தையே ரத்து செய்தது. 2023 நவம்பரில் தண்டனை வந்தது: ஆட்டவா ஒரு முதல் சுற்று டிராஃப்ட் இடத்தை இழக்க வேண்டும். ஜிஎம் அன்றே பதவி விலகினார். அதற்குள் பழைய உரிமையாளர் காலமாகி, அணி புதியவர் கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பில் அவர் மேசைக்கு வந்தது.

பழுது நீங்குமா?

நீங்கும், டாம்பா பே லைட்னிங்கைப் பாருங்கள். 2008இல் அதை வாங்கிய இரண்டு கூட்டாளிகளும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பதிமூன்று ஆண்டு பயிற்சியே கொடுக்காமல் டிவியில் விமர்சனம் செய்துகொண்டிருந்த பேரி மெல்ரோஸைக் கூட்டிவந்து, 16 ஆட்டத்தில் அனுப்பினார்கள். 2010இல் ஜெஃப் வினிக் அணியை வாங்கி, ஸ்டீவ் ஐசர்மனை ஜிஎம் ஆக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 2013இல் ஜான் கூப்பர் பயிற்சியாளர் ஆனார்.

உண்மையான பரீட்சை 2019இல் வந்தது. அந்த சீசனில் 62 வெற்றி, அன்றைய லீக் சாதனைக்குச் சமம். ஆனால் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோல்வி. இப்படி ஓர் அவமானம் நேர்ந்தால் யாரையாவது பலி கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. டாம்பாவில் யாரையும் அனுப்பவில்லை. 2020 பிப்ரவரியில், ஐசர்மனுக்குப் பிறகு ஜிஎம் ஆன ஜூலியன் பிரீஸ்புவா இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் இடங்களைக் கொடுத்து, பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்ற இரண்டு உழைப்பாளி வீரர்களை வாங்கினார். விதையை விற்றுப் பழம் வாங்கிய அதே காரியம்தான். ஆனால் மரம் ஏற்கெனவே காய்த்து நின்றது, விற்றவரின் நாற்காலியும் ஆடவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கோப்பை டாம்பாவுக்கு.

கையெழுத்துப் போட்டவர்கள்

கடைசியாக, நான் இந்த விஷயத்தில் ஆர்வம் கொண்டதற்குக் காரணமான கதை. 2006 கோடையில் நியூயார்க் ஐலண்டர்ஸ் உரிமையாளர் சார்லஸ் வாங், நீல் ஸ்மித் என்ற அனுபவசாலியை ஜிஎம்மாக நியமித்தார். நாற்பது நாளில் நீக்கினார். அவர் இடத்தில் யாரைப் போட்டார் தெரியுமா? அணியின் மாற்றுக் கோல்கீப்பர் கார்த் ஸ்னோவை. கால்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்னோ மாடிக்குப் போனார். செப்டம்பரில், தன்னோடு கோலில் மாறி மாறி நின்ற ரிக் டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டு, 6.75 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்.

டிபியெட்ரோவின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இடுப்பு, முழங்கால் என்று காயம் மேல் காயம், அவருடைய கடைசி ஐந்து சீசனிலும் சேர்த்து 50 ஆட்டம். 2013இல் பைஅவுட் செய்தார்கள். அந்த ஆண்டு லீக் கொடுத்த விசேஷ சலுகையால் பானையில் இடம் அடைக்கவில்லை, பணம் மட்டும் போகும்: ஆண்டுக்கு 15 லட்சம் டாலர், 16 ஆண்டு. அணி 2016இல் வேறு கைக்குப் போனது. ஸ்னோவை 2018 ஜூனில் மாற்றினார்கள். வாங் அந்த அக்டோபரில் இறந்தார். 2021இல் புது அரங்கமே கட்டிக் குடியேறிவிட்டார்கள். டிபியெட்ரோவுக்கான காசோலை 2029 வரை போய்க்கொண்டிருக்கும்.